மாரி மழையில கண்ணாடி தெளியாத கொரோலா 121: ஹீட்டர், தெர்மோஸ்டாட், பின் கண்ணாடிக் கோடு எண்டு பாத்த வேலை

திருகோணமலையில இருந்துகொண்டு கார்ல டிமிஸ்டர், அதான் கண்ணாடியில பிடிக்கிற ஆவியை விலக்கிற சாமான், வேலை செய்யுதில்ல எண்டு சொன்னா ஆக்கள் சிரிப்பாங்க. இங்க என்ன ஐஸா கொட்டுது எண்டு கேப்பாங்க. ஐஸ் கொட்டாது, ஆனா நவம்பர்ல தொடங்கி ஜனவரி வரைக்கும் வடகீழ் பருவ மழை எங்களுக்கு விடாம அடிக்கும், வருசத்து மழையில பெரும்பங்கு இந்த மாசங்களுக்குள்ளதான் விழும், அந்த நேரம் ராவில கந்தளாய் தாண்டி ஹபரணை றோட்டில நாலு பேர் நனைஞ்ச உடுப்போட ஏறி இருந்து பாருங்கோ, கொஞ்ச நேரத்தில முன் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிடும், எதிர்ல லொறி வருதா யானை நிக்குதா எண்டு ஒண்டும் தெரியாது. துவாயால துடைச்சுத் துடைச்சு ஓடுறதுதான் எங்கட ஊர் டிமிஸ்டர். பக்கத்தில இருக்கிறவருக்கு அதுதான் வேலை.

என்ட வண்டி பழைய கொரோலா 121, கன கை மாறி வந்தது. முன்னுக்கு மிஸ்ட் அடிச்சா விலகாது. பின் கண்ணாடிக்கு பட்டனை அமத்தினா ஒரேஞ்ச் லைட் எரியும், ஆனா கண்ணாடி அப்பிடியே இருக்கும். ஜனவரியில வீட்டாக்களோட நுவரெலியா போற பிளான் ஒண்டு இருந்ததால இந்த முறை ரெண்டையும் ஒரு வழி பண்ணிடுவம் எண்டு இறங்கினன். செய்த வேலையையும் எடுத்த அளவுகளையும் இங்க எழுதுறன், இதே பிரச்சினையோட மாரிக்குள்ள ஓடுறவங்க கனபேர் இருக்கிறாங்க.

முதல்ல பாக்கவேண்டியது ஆவி உள்ளுக்கா வெளியிலயா எண்டதை. விரலால உள்பக்கம் ஒரு கோடு போட்டுப் பாருங்கோ. கோடு விழுந்தா உள்ளுக்கு. விழாட்டி வைப்பரை ஒருக்கா போடுங்கோ, அது துடைச்சிட்டா வெளியில. ஏன் இதைச் சொல்றன் எண்டா எங்கட ஊர்ல பாதிப்பேருக்கு வாறது வெளிப்பக்க மிஸ்ட். மழை விட்ட ராவில வெளிக்காத்து 27 டிகிரி, ஈரப்பதம் 90 வீதம் எண்டு வைங்கோ, அந்தக் காத்து 25 டிகிரிக்குக் கிட்ட குளிர்ந்த எதில பட்டாலும் தண்ணியாகிடும். நீங்க ஏசியைக் கடைசியில வைச்சு அந்தக் குளிர் காத்தை கண்ணாடிக்கு அடிச்சா கண்ணாடி 25க்குக் கீழ போகும், வெளியில ஆவி பிடிக்கும். அதுக்கு டிமிஸ்டரை குறை சொல்லி வேலையில்ல, வைப்பரைப் போட்டு, காத்தை முகத்துக்குத் திருப்பி, ஏசியை கொஞ்சம் குறைச்சா முடிஞ்சுது. மலையில நடக்கிறது இதுக்கு நேர் எதிர், வெளியில 10 டிகிரி, உள்ளுக்கு நாலு பேர்ட மூச்சு, ஈர உடுப்பு, குடை, அதெல்லாம் குளிர்ந்த கண்ணாடியில உள்பக்கமா வந்து ஒட்டும்.

எனக்கு வந்தது ரெண்டும் கலந்துதான், ஆனா தொல்லை தந்தது உள்பக்கம்.

சின்ன விசயங்களை முதல்ல முடிச்சன். காத்து உள்ளுக்குள்ளேயே சுத்துற பட்டன் இருக்கே, வளைஞ்ச அம்புக்குறி போட்டது, அதை எங்கட ஆக்கள் வண்டி வாங்கின நாள்ல இருந்து மாத்துறதே இல்ல, தூசி வரும் ஏசி குளிராது எண்டு. மழைக்குள்ள அது உள்ளுக்கு இருந்தா நாங்க விடுற மூச்சையே திரும்பத் திரும்ப கண்ணாடிக்கு ஊதுறம் எண்டதுதான் கணக்கு. அதை வெளிக்காத்துக்கு மாத்தினன். கண்ணாடி உள்பக்கத்தை பாத்திரம் கழுவுற சவர்க்காரத் தண்ணியால துடைச்சு, பிறகு வெறும் தண்ணியால துடைச்சு, காஞ்ச பேப்பரால தேச்சன். வெயிலுக்கு டாஷ்போட் பிளாஸ்டிக்கில இருந்து ஒரு எண்ணெய்ப் படலம் கிளம்பி கண்ணாடியில ஒட்டும், அதில ஆவி கெதியா பிடிக்கும், துடைச்ச பேப்பர் மஞ்சளா வந்தது. டாஷ்போட் பெட்டியைக் கழட்டி கேபின் பில்டரை இழுத்தா வேப்பிலைச் சருகும் கறுத்த தூசியும், பில்டர்ட மடிப்பே தெரியேல்ல. புதுசு போட்டன், புளோவர் காத்து உடனே கூடிட்டுது.

அடுத்தது பக்கத்து சீட்டுக் கால் வைக்கிற இடம். மேல கார்ப்பட் தொட்டா சும்மா குளிரா இருந்தது, ஆனா ஓரத்தைத் தூக்கி அடியில கையை விட்டா பஞ்சு மாதிரி ஒரு விரிப்பு இருக்கும் பாருங்கோ, அதைப் பிழிய தண்ணி வடிஞ்சுது. இந்தத் தண்ணி எங்கால வருது எண்டதை முதல்ல தீர்மானிக்கணும். கூலன்ட், அதாவது இஞ்சினைக் குளிராக்கிற திரவம் எண்டா கையில வழுவழுப்பா இருக்கும், ஒரு இனிச்ச மணம் வரும், கண்ணாடியிலயும் துடைக்கத் துடைக்க எண்ணெய் மாதிரி இழுபடும், அப்ப ஹீட்டர் கோர், சுடுகூலன்ட் ஓடி காத்தைச் சூடாக்கிற குட்டி ரேடியேட்டர், ஓட்டை. என்ட கையில பட்டது வெறும் தண்ணி. அப்ப ஏசி தண்ணி வெளியில போற பைப் அடைபட்டிருக்கு. வண்டியை ரேம்ப்ல ஏத்தி அடியில போய் அந்த ரப்பர் பைப்பை தேடி, மெல்லிய பிளாஸ்டிக் டியூப் ஒண்டை பக்குவமா உள்ள விட, ஒரு கட்டிச் சேறும் பின்னால ஒரு கோப்பைத் தண்ணியும் முகத்துக்கு நேர வந்துது. கம்பியை விட்டுக் குத்தாதீங்கோ, மேல ஏசியில காத்தைக் குளிராக்கிற எவப்பரேட்டர் இருக்கு, அதில பட்டா காஸ் போயிடும், பிறகு செலவு வேற லெவல்.

அந்த விரிப்பை காயவைக்கிறதுதான் பெரும் பாடு. டிசம்பர்ல திருகோணமலையில வெயில் எங்க. விறாந்தையில கொடியில போட்டு பெடஸ்டல் பேனைத் திருப்பி விட்டன், நாலைஞ்சு நாள் மாதிரி எடுத்தது, அதுவரைக்கும் வீட்டில எல்லாருக்கும் அந்த மணத்தோடதான் சாப்பாடு. ஆனா இதைச் செய்யாம மற்ற எதைச் செய்தாலும் பிரயோசனமில்ல, லீட்டர் கணக்கா தண்ணி காருக்குள்ளயே இருந்து ஆவியாகிக்கொண்டிருக்கேக்க எந்த டிமிஸ்டரும் தாங்காது.

இவ்வளவும் செய்து ஒரு மழை ராவு ஓடிப் பாத்தன். முந்தியவிடப் பரவாயில்ல, அவ்வளவுதான். ஏசி போட்டா கண்ணாடி தெளியும், ஆனா உள்ளுக்கு இருக்க ஏலாத குளிர், கொஞ்ச நேரத்தில வெளிப்பக்கம் மிஸ்ட் அடிக்கத் தொடங்கும். டயலை சிவப்புப் பக்கம் கடைசி வரைக்கும் திருப்பினன், காத்து அதே குளிர். அங்கதான் விசயம் பிடிபட்டுது. என்ட கார்ல சூடே வாறதில்ல. இவ்வளவு நாளும் இந்த ஊர்ல யார் அந்தப் பக்கம் திருப்பிப் பாத்தது.

இந்த இடத்தை கொஞ்சம் விளக்கமா சொல்றன், ஏனெண்டா டிமிஸ்டர் எண்டா ஏசியா ஹீட்டரா எண்டு கராஜ்லயே சண்டை பிடிக்கிற ஆக்கள் இருக்கிறாங்க. ரெண்டும் சேந்ததுதான் டிமிஸ்டர். வெளியில இருந்து வாற காத்து முதல்ல ஏசியிட எவப்பரேட்டருக்குள்ளால போகும், அங்க சில டிகிரி வரைக்கும் குளிரும், காத்தில இருக்கிற ஈரம் தண்ணியாகி அந்த ரப்பர் பைப்பால கீழ விழும். பிறகு அதே காத்து ஹீட்டர் கோருக்குள்ளால போய் சூடாகி கண்ணாடிக்கு வரும். 5 டிகிரி காத்து ஒரு கன மீட்டருக்கு 7 கிராம் தண்ணிக்குக் கிட்டத்தான் வைச்சிருக்க ஏலும். அதை 40 டிகிரிக்குச் சூடாக்கினா 50 கிராம் வரைக்கும் பிடிக்கிற நிலைக்கு வந்திடும். ஏழைக் கொண்டுவந்து ஐம்பதுக்கு இடம் வைச்சிருக்கிற காத்து கண்ணாடியில பட்டா ஆவியை ஒரு இழுவையில இழுத்துக்கொண்டு போயிடும். ஏசி மட்டும் இருந்தா காத்து காஞ்சதுதான், ஆனா குளிர்ந்த காத்து, கண்ணாடியையும் குளிராக்கி விட்டிடும். ஹீட்டர் மட்டும் இருந்தா சூடு வரும், ஆனா மழைக்காலத்து ஈரத்தையும் சேர்த்துத்தான் கொண்டு வரும். ஜப்பான்காரன் ரெண்டையும் ஒரே பெட்டிக்குள்ள வரிசையா வைச்சது சும்மா இல்ல. சில வண்டியில கண்ணாடிப் படம் போட்ட மோடுக்கு மாத்தினா ஏசி தானா வரும், சிலதில நாங்கதான் அமத்தணும், எதுக்கும் ஏசி லைட் எரியுதா எண்டு பாருங்கோ. வெளிநாட்டில வெளியில சுழியம் டிகிரிக்குக் கிட்ட போனா எவப்பரேட்டர் ஐஸ் கட்டிடும் எண்டு கம்பிரசரை ஓடவிடாது, எங்கட நாட்டில நுவரெலியா வரைக்கும் போனாலும் அனேகமா அந்தப் பிரச்சினை வராது.

போனட்டைத் திறந்து ஹீட்டர் ஹோஸைத் தேடினன். இஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில இருக்கிற தகட்டுச் சுவர்ல ரெண்டு பைப் வெளியில நீட்டிக்கொண்டு இருக்கும், இஞ்சின்ல இருந்து சுடுதண்ணி ஒண்டால உள்ள போய் மற்றதால திரும்பி வரணும். என்ட வண்டியில அந்த ரெண்டு பைப்பிலயும் விரல் நீளத்துக்கு ஹோஸ் துண்டு போட்டு, வாயில ஆளுக்கு ஒரு போல்ட்டை அடைச்சு, கிளிப் போட்டு இறுக்கியிருந்தாங்க. போல்ட் தலை ரெண்டும் துருப்பிடிச்சுப் போய். இஞ்சின் பக்கத்து ரெண்டு வாயையும் ஒரு வளைஞ்ச ஹோஸால நேர இணைச்சு விட்டிருக்கு. எந்தக் காலத்திலயோ எந்தக் கராஜ்லயோ ஹீட்டரை மொத்தமா வெட்டி விட்டிருக்கிறாங்க.

இதைப் பாத்தோண்ண மற்றச் சந்தேகமும் வந்தது. டெம்பரேச்சர் முள்ளு எப்பவும் கீழயே நிக்கும், நீட்டு ஓட்டத்தில இன்னும் இறங்கும், நானும் நல்ல கூலிங் எண்டு சந்தோசப்பட்டுக்கொண்டு இருந்தனான். தெர்மோஸ்டாட் எண்டது இஞ்சின் சூடாகும் வரைக்கும் கூலன்டை ரேடியேட்டருக்கு விடாம மறிக்கிற வால்வு, அதிட மூடியைக் கழட்டினா உள்ளுக்கு ஒண்டும் இல்ல. வெறும் ஓட்டை.

ஊர்ல ஒரு வயசான மெக்கானிக் பாஸ்ட்ட கேட்டன். அவர் சிரிச்சிட்டு, "தம்பி, எங்கட வெயிலுக்கு தெர்மோஸ்டாட் என்னத்துக்கு, ஹீட்டர் என்னத்துக்கு, ரெண்டையும் கழட்டினா இஞ்சின் குளிரா ஓடும்" எண்டார். கைவேலையில அவர்ட கிட்ட நிக்க ஏலாது, ஆனா இந்த விசயத்தில நான் அவரோட ஒத்துப்போக மாட்டன். இஞ்சின் குளிரா ஓடுறது நல்லதில்ல. கார்ட கம்ப்யூட்டர் இஞ்சின் இன்னும் சூடாகேல்ல எண்டு நினைச்சு பெற்றோலைக் கூட்டிக் குடுக்கும், ஒயிலும் சரியான சூட்டுக்கு வராது, தேய்மானம் கூடும். ஓவர்ஹீட் ஆகிற வண்டிக்கு தெர்மோஸ்டாட்டைக் கழட்டுறது வருத்தத்தை மறைக்கிற வேலை, ரேடியேட்டர் அடைப்போ பேன் பழுதோ அப்பிடியேதான் இருக்கும். தெர்மோஸ்டாட் பழுதாகி மூடினபடி நிண்டா ஆபத்துத்தான், அதுக்கு புதுசு போடுறதுதானே.

ஹீட்டர் கோரைத் திரும்ப இணைக்க முதல் அது ஒழுகுதா எண்டு தெரியணும், இல்லாட்டி சுடுகூலன்ட் நேர காலுக்கு வரும். போல்ட் அடைச்ச துண்டுகளை வெட்டி எடுத்திட்டு, தோட்டத்து ஹோஸை ஒரு பைப்பில பிடிச்சு மெதுவா தண்ணி விட்டன். மற்றப் பக்கத்தால வந்தது தேத்தண்ணி நிறத்தில. தெளியிற வரைக்கும் விட்டு, பிறகு பக்கம் மாத்தி எதிர்ப்பக்கமாவும் விட்டன். பைப்பை அளவுக்கு மிஞ்சித் திறக்கக் கூடாது, ஊர்த் தண்ணி பிரசர்ல பழைய கோர் வெடிச்சிடும். கழுவினாப் பிறகு ஒரு பக்கத்தை அடைச்சு, மற்றப் பக்கத்தில சைக்கிள் டியூப் வால்வு ஒண்டை ஹோஸ் துண்டோட கிளிப் போட்டு இறுக்கி, கேஜ் இருக்கிற சைக்கிள் பம்பால ஒரு பார் வரைக்கும் அடிச்சு விட்டன். ரேடியேட்டர் மூடி தாங்கிற பிரசரும் அந்த அளவுக்குக் கிட்டத்தான், அதுக்கு மேல அடிக்கத் தேவையில்ல. ராவு முழுக்க விட்டு விடிய வந்து பாத்தா முள்ளு அதே இடத்தில நிக்குது. கோர் ஒழுகேல்ல. அப்ப பழைய ஹோஸ் வெடிச்சதுக்கோ என்னத்துக்கோ ஹோஸ் மாத்துற சோம்பல்ல ஹீட்டரையே கொன்டிருக்கிறாங்க.

ஹோஸுக்கு உள் விட்டம் 16 மில்லிமீட்டர் வந்தது, ஹீட்டர் ஹோஸ் எண்டு கேட்டு வாங்கினன். தண்ணி ஹோஸ், காஸ் ஹோஸ் எண்டு எதையாவது போடாதீங்கோ, சூட்டுக்கு இளகி கிளிப்புக்குள்ளால கழண்டிடும். தெர்மோஸ்டாட் புதுசில 82 எண்டு அடிச்சிருந்தது. போட முதல் சோதிச்சுப் பாக்கிறது நல்லது, ஒரு சட்டியில தண்ணி வைச்சு, நூல்ல கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில தேர்மாமீட்டரைப் பிடிச்சுக்கொண்டு அடுப்பை மெதுவா எரிய விட்டன். அம்மா வந்து "இதென்னடா குழம்பு" எண்டு கேட்டிட்டு, விளங்கினாப் பிறகு அந்தச் சட்டியை இனி சமையலுக்கு எடுக்க மாட்டன் எண்டு சொல்லிட்டா. எண்பதைத் தாண்டேக்க நடு வட்டு மெல்ல அசையத் தொடங்கினது, தொண்ணூறைத் தாண்டி நல்லா விரிஞ்சுது, வெளியில எடுத்து ஆறவிட மூடினது. நல்ல சாமான். ஓரத்தில ஒரு குட்டி ஆணி ஆடிக்கொண்டிருக்கும், காத்து வெளியேற வைச்சது, அது மேல்பக்கம் வாற மாதிரி பூட்டணும். சுத்திவர ரப்பர் வளையம் புதுசு.

கூலன்டுக்கு கிணத்துத் தண்ணியைக் கலக்காதீங்கோ. எங்கட பக்கம் கடற்கரையோரக் கிணறு எல்லாம் உவர், உள்ளுக்கு அலுமினியத்தை அரிச்சிடும், வாற நாட்கள்ல ஹீட்டர் கோர்தான் முதல்ல அடைபடும். ரெடியா கலந்த கூலன்ட், இல்லாட்டி காய்ச்சி வடிச்ச தண்ணி.

கூலன்டுக்குள்ள மாட்டின காத்தை வெளியில எடுக்கிறதுக்கு எங்கட ஊர் உவர்மலை ஏத்தம் கை குடுத்தது. மூக்கு மேல பாத்த மாதிரி ஏத்தத்தில நிப்பாட்டி, ஹேன்ட்பிரேக் இழுத்து, சில்லுக்கு ரெண்டு கல்லும் வைச்சு, ஹீட்டர் டயலை முழுச் சூட்டில விட்டு, ஆறின இஞ்சின்ல ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணினன். சூடான இஞ்சின்ல அந்த மூடியில கை வைக்கிறது முகத்தை அவிக்கிற வேலை, திறக்கிறது எண்டா ஆறினாப் பிறகுதான். குமிழி குமிழியா வந்தது, மட்டம் இறங்க இறங்க ஊத்தினன். டாஷ்போட்டுக்குள்ள வாய்க்கால்ல தண்ணி ஓடுற மாதிரி சத்தம் கேட்டா இன்னும் காத்து இருக்கு எண்டு அர்த்தம். அந்தச் சத்தம் நிண்டு, ரேடியேட்டர் பேன் ஓடி நிண்டு திரும்ப ஓடினாப் பிறகு மூடினன். நடுவில தேர்மாமீட்டரை கண்ணாடிக்குக் கீழ இருக்கிற வாயில வைச்சுப் பாத்தா 55ல நிக்குது. இந்த ஊர்ல அந்தச் சூட்டுக்குள்ள இருந்து வேர்த்து ஒழுகிக்கொண்டு நானும் மச்சானும் சிரிச்ச சிரிப்பு.

இனிப் பின் கண்ணாடி. இது வேற சாதி வேலை, இதில தண்ணியும் இல்ல காத்தும் இல்ல, முழுக்க கரண்ட். கண்ணாடியில தெரியிற அந்தப் பழுப்புக் கோடெல்லாம் வெள்ளி கலந்த ஒரு மை, கண்ணாடி செய்யேக்கயே அச்சடிச்சு சூளையில சுட்டு ஒட்டினது. ரெண்டு ஓரத்திலயும் தடிச்ச பட்டி, ஒண்டுக்கு பொசிட்டிவ், மற்றது பொடிக்கு ஏர்த். கரண்ட் குறுக்கால ஓட கோடு சூடாகும். சாதாரணமா பத்து, பதினைஞ்சு அம்பியர் இழுக்கும் எண்டதால பட்டன் நேர இதை ஓட்டாது, ரிலே எண்ட மின்சாரச் சுவிட்ச் ஒண்டுதான் ஓட்டும். கொஞ்ச நேரத்தில டைமர் தானா நிப்பாட்டிடும், அதைப் பழுது எண்டு நினைச்சுக் குழம்பாதீங்கோ.

லைட் எரிஞ்சா ரிலேக்கு உத்தரவு போகுது எண்டு மட்டும்தான் அர்த்தம், கண்ணாடிக்கு கரண்ட் போகுது எண்டு இல்ல. பியூஸ் நல்லம், ரிலே டிக் எண்டு அடிக்குது. கண்ணாடியைக் கையால தொட்டா ஒரு மெல்லிய சூடு வந்த மாதிரியும் வராத மாதிரியும். கேத்தில்ல தண்ணி கொதிக்க வைச்சு, டிக்கிப் பக்கத்தில இருந்து ஆவியை கண்ணாடி உள்பக்கத்துக்குப் பிடிச்சு மூடாக்கிப் போட்டு ஓன் பண்ணினா, 12 கோட்டில 9 கோடு மட்டும் மெல்ல மெல்ல ஓரம் தெளியுது, நடுவில அடுத்தடுத்து மூண்டு கோடு செத்துக் கிடக்கு. கிட்டப் போய் பாத்தா மூண்டும் ஒரே சாய்வில கீறுப்பட்டிருக்கு. யாரோ பழைய டின்ட் பேப்பரை பிளேட்டால சுரண்டி எடுத்திருக்கிறாங்க. டின்ட் கழட்டிறவங்களுக்கு ஒரு வார்த்தை, பின் கண்ணாடிக்கு மட்டும் பிளேட் வேண்டாம், ஆவி பிடிச்சு மெதுவா உரிங்கோ.

ஆனா மூண்டு கோடு போனதுக்கு மிச்சம் ஒன்பதும் இவ்வளவு மெதுவா சூடாகக் கூடாது. கோடெல்லாம் தனித்தனியா பக்கம் பக்கமா இணைச்சது, ஒண்டு அறுந்தா மற்றதுக்கு ஒண்டும் ஆகாது. அங்க நான் தெரிஞ்ச ஒரு ஓட்டோ இலக்ட்ரீசியன் நானாவைக் கூப்பிட்டன், கிண்ணியாக்காரர். ஏர்த் வயருக்கு நான் மீட்டர்ல கன்டினியுவிட்டி, அதான் வயர் அறுபடாம இருக்கா எண்டு பாக்கிறது, வைச்சுக் காட்ட பீப் எண்டு அடிச்சது. அவர், "தம்பி, பீப் சத்தத்த நம்பாதீங்க, கரண்ட ஓட வுட்டுப் பாருங்க" எண்டார். பட்டனை ஓன் பண்ணி வைச்சபடி மீட்டரை வோல்ட்டில விட்டு, ஒரு முனையை கண்ணாடியிட ஏர்த் பட்டியில, மற்றதை நீட்டு வயரால பெட்டரி நெகட்டிவ்ல வைச்சார். 3 வோல்ட் காட்டினது. ஏர்த் நல்லா இருந்தா அது 0.2க்குள்ள நிக்கணும். மீட்டர் பீப் அடிக்கேக்க ஓடுறது மில்லி அம்பியர் கணக்கில, ஒரு நூல் அளவு தொடர்பு இருந்தாலும் அதுக்குப் போதும். எட்டு அம்பியர் ஓடேக்கதான் அந்த நூல் எவ்வளவு மெல்லிசு எண்டு தெரியும்.

ஓரத்து பிளாஸ்டிக் மூடியைக் கழட்டிப் பாத்தா ஏர்த் வயர் பொடியில இறுக்கின இடம் முழுக்க பச்சையும் வெள்ளையுமா பூத்துக் கிடக்கு, கனெக்டர் பிளாஸ்டிக் சூட்டுக்குப் பழுப்பாகி ஓரம் உருகியிருக்கு. 3 வோல்ட் எட்டு அம்பியர் எண்டா 24 வாட், கண்ணாடிக்குப் போகவேண்டிய சூடு அந்த ஒரு போல்ட்டில எரிஞ்சிருக்கு. உப்புக்காத்து இதைத்தான் செய்யும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரை வீட்டுக்காரர்ட வண்டியெல்லாம் எந்த மின்சாரப் பழுது வந்தாலும் முதல்ல ஏர்த் போல்ட்டைக் கழட்டிப் பாருங்கோ எண்டு நானாவும் சொன்னார். போல்ட்டைக் கழட்டி, தகடு பளிச்செண்டு தெரியிற வரைக்கும் மண்கடதாசியால தேச்சு, புது வளையம் அடிச்சு இறுக்கி, மேல கிரீஸ் பூசினம். 3 வோல்ட் 0.1 ஆச்சுது.

அறுந்த இடத்தை துல்லியமா பிடிக்க மீட்டர் முனையில சிகரட் பெட்டித் தகடு ஒரு துண்டைச் சுத்தி விரலால கோட்டில அழுத்தி இழுத்தன், வெறும் முனையால கீறினா கோடு இன்னும் அறுந்திடும். மற்ற முனை ஏர்த்தில. நல்ல கோட்டில பொசிட்டிவ் பக்கம் 13 சொச்சம், போகப் போகக் குறைஞ்சு, நடுவில அரைவாசி, மற்றக் கரையில சுழியம். அறுந்த கோட்டில 13 குறையாம அப்பிடியே வரும், வந்து ஒரு இடத்தில பட்டெண்டு சுழியத்துக்கு விழும். அந்த இடம்தான்.

வெள்ளி கலந்த மை ஒரு குட்டிப் போத்தலை கொழும்பில இருந்து எடுப்பிச்சன், இங்க கடையில கேட்டா வெள்ளி பெயின்டைத் தூக்கித் தாறாங்க, அதில கரண்ட் ஓடாது. சுப்பர் குளூவும் ஓடாது. கண்ணாடியை ஸ்பிரிட்டால துடைச்சு, கோட்டுக்கு மேலயும் கீழயும் டேப் ஒட்டி கோட்டு அகலம் மட்டும் விட்டு, அறுந்த இடத்துக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் ஏறுற மாதிரி மெல்லிசாப் பூசினன். காஞ்சாப் பிறகு இன்னொரு பூச்சு, திரும்ப ஒண்டு. தடிப்பா ஒரே தரம் பூசினா வெடிக்கும். டேப்பை மை முழுக்கக் காய முதல், உள்பக்கமா மடிச்சு இழுக்கணும். ஒரு நாள் காயவிடச் சொல்லி போத்தல்ல இருந்தது, மாரி ஈரத்துக்கு நான் கூடவே விட்டன். ஓரப் பட்டியில வயர் மாட்டுற தகடே கழண்டு வந்தவங்களுக்கு இந்த மை பத்தாது, கரண்ட் ஓடுற வெள்ளி எபொக்சி வேணும். சும்மா ஈயம் வைக்கப் போனா கூடின சூட்டில கண்ணாடியே விரிசல் விட்டிடும்.

ஓன் பண்ணி கிளாம்ப் மீட்டர் போட்டா 13 அம்பியர். முந்தி எட்டு. கண்ணாடிக்குப் போற சூட்டைக் கணக்குப் பாத்தா 85 வாட்டுக்குக் கிட்ட இருந்தது 170 தாண்டிட்டுது. கேத்தில் ஆவியைத் திரும்பப் பிடிச்சுப் பாத்தன், 12 கோடும் வரிசையா வெளிச்சுக்கொண்டு வந்தது, மை பூசின இடம் மட்டும் பக்கத்தைவிட ஒரு துளி முந்தியே தெளியுது, அங்க தடை கொஞ்சம் கூட.

நுவரெலியாவில 1,868 மீட்டர் உயரம், ஜனவரி விடியக்காலை. முதல் நாள் மழை, அடுத்த நாள் வானம் வெளிச்சுக் குளிர் இறங்கினது, வெளியில நிண்ட கார் எல்லாத்திலயும் கண்ணாடி வெள்ளை. பக்கத்து வேன்காரர் வாளியில சுடுதண்ணி கொண்டு வர, வேண்டாம் அண்ணே எண்டு தடுத்தன், உறைஞ்ச கண்ணாடிக்கு சுடுதண்ணி ஊத்தினா ஒரு சின்னக் கல்லடி இருந்தாலே கரை வரைக்கும் வெடிச்சுப் போகும். வெளிக்காத்து, ஏசி ஓன், டயல் முழுச் சூடு, புளோவர் கடைசி, கண்ணாடி மோடு, பக்கத்து ஷட்டர் ஒரு விரல் இறக்கம். இஞ்சின் சூடாகும் வரைக்கும் சும்மா நிண்டம், பிறகு கீழ இருந்து அரை வட்டமா தெளிஞ்சு மேல ஏறிக்கொண்டு வந்தது. ரம்பொடைப் பக்கம் இறங்கேக்க முகிலுக்குள்ளதான் ஓட்டம், உள்ளுக்கு ஆறு பேர், துவாய் பின் சீட்டிலயே கிடந்தது. முள்ளு நடுவில நிக்குது, பெற்றோலும் போன முறை மலைக்குப் போனதைவிடக் குறைவாத்தான் குடிச்சது.

இடப்பக்கக் கீழ் மூலை மட்டும் இன்னும் பிந்தித்தான் தெளியுது. அந்த வாயில கையை வைச்சா காத்து மற்றப் பக்கத்தைவிடக் குறைவு, டாஷ்போட்டுக்குள்ள குழாய் மூட்டு ஒண்டு விலகியிருக்கோணும். அதுக்கு டாஷ்போட்டைத் தூக்கணும், கிளிப் எல்லாம் பழசு, இந்த ஈரத்துக்குள்ள அதில கை வைக்கிற எண்ணம் இல்ல, சித்திரை வெயிலுக்குப் பாப்பம்.